விளக்கு வைக்கும் நேரத்துத் தெரு

எங்கள் செக்கடித் தெருவில் வீட்டை விட்டு வெளியே கால் வைக்கிற யாரும் போகிறேன் என்று சொன்னதில்லை. மீன் வாங்கப் போகிறவர்களும் சொன்னதில்லை, பட்டாளத்துக்குப் போகிறவர்களும் சொன்னதில்லை. போயிட்டு வாரேன் என்றுதான் சொன்னார்கள், உள்ளே இருப்பவர்களும் போயிட்டு வா என்றுதான் சொன்னார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் வாசல் நிலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஏறிக் கிடந்து, பிறகு ஓர் ஆடி மாதத்தில், மலைச் சாரல் ஊருக்குள் வந்து கொடியில் கிடந்த துணியை உலரவிடாமல் செய்துகொண்டிருந்த வாரத்தில், பலிக்கத் தொடங்கியது.

முதலில் திரும்பி வந்தவள் என் மகள் உலகம்மை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், லீவுக்கு வந்திருந்தாள், லீவு முடிந்து காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிட்டு வாரேம்மா என்றாள். போயிட்டு வா உலகு என்றேன். பஸ் ஏறி, மதுரையில் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கொஞ்சம் கண்ணசந்து, விழித்துப் பார்த்தபோது தெருவின் கீழ்க்கோடியில் பெட்டியோடு நடந்துகொண்டிருந்தாள். வீடுகளில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காலையில் வைத்துவிட்ட பிச்சிப்பூ தலையில் வாடாமல் இருந்தது.

"என்னட்டி, ரயிலை விட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"ரயில்லதாம்மா இருந்தேன்" என்றாள். முகம் கழுவிவிட்டு வந்து தோசை கேட்டாள்.

மறுநாளும் போனாள், மறுநாளும் வந்தாள். அந்த வாரத்துக்குள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்தது. பெங்களூருக்குப் போனவன் வந்தான், கொச்சிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன டிரைவர் லாரி இல்லாமல் வந்தான். எவ்வளவு தூரம் போனாலும், எந்த வண்டியில் போனாலும், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கீழ்க்கோடியில் கால் தெருவைத் தொட்டது. ஏன் என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. காலையில் எழுந்தால் பால் வாங்க வேண்டியிருந்தது, தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடத்தை வைக்க வேண்டியிருந்தது.

சொல்லப்போனால் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்த தாய்மார் எல்லாம் கூடி முக்கு அம்மன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் மறுவீடு போய் அன்றைக்கே விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தாலியும் பட்டுச்சேலையுமாகத் திரும்பி நின்றபோது மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள், கொஞ்ச நாளில் மாப்பிள்ளை தன் துணிமணிகளோடு வந்து இங்கேயே இருந்துகொண்டான். அடுத்த தெருக்காரர்கள் ஊர் சுற்றுகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "மயினி, உங்க வாசல் நடையில நின்னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டுப் போகட்டும்" என்று கெஞ்சினார்கள். எங்கள் தெருவுக்குப் பெருமையாகவும் இருந்தது.

திரும்பி வருவது மட்டும்தான் வருகிறது, வேறு எதுவும் கூட வரவில்லை என்று பிறகுதான் கண்டுகொண்டோம். போனவர்கள் ஒன்றும் பார்த்துவிட்டு வரவில்லை. மாலைக்கு முந்தி மனசு திரும்பத் தொடங்கிவிடுகிறதால் எந்த ஊரிலும் அவர்களுக்குக் கண் ஊன்றவில்லை. எங்கே போனே என்று கேட்டால் ஊர்ப்பெயர் சொன்னார்கள், அங்கே என்ன என்று கேட்டால் வெயில் என்றார்கள். வாசலில் உட்கார்ந்து பேச ஒரு புதுச் சங்கதி இல்லாமல் போனது. சொன்ன சிரிப்பையே சொல்லி, சிரித்த இடத்திலேயே சிரித்தோம்.

அப்போதுதான் வேறு சொல் தேடத் தொடங்கினார்கள். பஞ்சாயத்து போர்டில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆன குற்றாலிங்கம் அண்ணாச்சிதான் முதலில். காசிக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெள்ளை வேட்டி கட்டி, நடுத்தெருவில் நின்று, மேடையில் பேசுகிறவர் மாதிரி, "விடைபெறுகிறேன்" என்றார்.

"யாருகிட்ட வே பெறுதீரு? குடுக்க இங்க எவன் இருக்கான்?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பினார். ஒரு காலேஜ் பையன், புத்திசாலி, பை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் பை சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது, அவன் வந்துவிட்டான். இன்னொருவன் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். அன்று முழுக்க அவனை மேல்கோடியில் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், கையை ஆட்டினான், கிட்டத்தில் போனால் அவ்வளவு தூரத்திலேயே இருந்தான், சாயங்காலம்தான் கைக்கு அகப்பட்டான். ஒன்றும் சொல்லாமல் கிளம்பினால் என்ன என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கியவர்களும் உண்டு. யாராவது உள்ளேயிருந்து யாரது என்று கேட்டுவிடுவார்கள். நாக்கு தானாகவே, போயிட்டு வாரேன், என்று பதில் சொல்லிவிடும்.

எல்லாருக்கும் தெரிந்த சொல் ஒன்று மிச்சம் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. மரவேலை செய்கிற இசக்கித்துரை ஒருநாள் மனைவி கோமுவோடு சண்டை போட்டு, குழம்பில் உப்பு என்பதில் தொடங்கி இருபக்கத்துச் சொந்தங்களையும் இழுத்துத் தீர்த்து, கடைசியில் உளியை வீசி எறிந்துவிட்டு, "போறேன்" என்று கத்தினான். கோமு கையில் கரண்டியோடு வாயடைத்து நின்றாள். அன்றைக்கு விளக்கு வைத்தார்கள், கீழ்க்கோடியில் எல்லாரும் வந்தார்கள், அவன் வரவில்லை. போன் போட்டால் அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. கோமுவைப் பொட்டு வைக்கச் சொல்வதா வேண்டாம் என்பதா என்று தெருவுக்குத் தெரியவில்லை. அவளே சின்னதாக ஒன்று வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு தாய்மார் பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினோம்.

இந்தத் தெருவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி குழல்வாய்மொழி. அவளை மொழி என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் எம்.ஏ. படித்தவள், கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லை என்பதைத் தெரு மறந்துபோகிற அளவுக்கு வயதாகிவிட்டது. அம்மா சங்கரவடிவோடு இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரசல்ராஜ் வைத்திருந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊருக்கு வேண்டிய வரிகளையெல்லாம் எழுதினாள். கல்யாணப் பத்திரிகையில் மேலே நாலு வரி, காதுகுத்துக்கு நாலு வரி, சடங்கு வீட்டு பேனருக்கு நாலு வரி, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு வரி. எங்கள் ஊர்ச் சுவர்களில் அழுததெல்லாம் மொழிதான்.

"ஏட்டி, என் போஸ்டருக்கு நல்லா எழுதணும்" என்று நான் கேலி செய்வேன்.

"உங்களுக்கு எழுத என்ன இருக்கு பெரியம்மை, பேரை மட்டும் மாத்த வேண்டியதுதான். சிரித்த முகம் எங்கே, சேர்த்தணைத்த கரம் எங்கே. எல்லாருக்கும் அதான் ஓடுது" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். பிறகு ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள். "நான் தாலி கட்டிக்கிட்டதில்ல, பிள்ளை பெத்ததில்ல, அப்பா போனப்ப எனக்கு விவரம் இல்ல. கடலளவு துயரம்னு எத்தன பேருக்கு எழுதியிருக்கேன், கடலைப் பார்த்ததில்ல."

அவளுக்குத்தான் அது கடைசியாக வந்தது, எல்லாரையும் விடக் கொடுமையாகவும் வந்தது. அவள் எங்கேயும் போகிறவள் இல்லை. அச்சகம், வீடு, அவ்வளவுதான். ஆனால் எழுதிய வரி திரும்பி வரத் தொடங்கியது. காலையில் புதிதாக ஒன்று எழுதுவாள், நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொள்வாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரையில் அது இருக்காது, அந்த இடத்தில் சிரித்த முகம் எங்கே என்று இருக்கும். தாளில் எழுதினாலும் அப்படியே. கையில் பேனாவால் எழுதிக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஒருநாள். இருட்டத் தொடங்கியதும் எழுத்து தோல் மேல் ஊர்ந்து ஊர்ந்து சேர்த்தணைத்த கரம் ஆனது.

அன்றைக்கு என்னிடம் வந்து கையைக் காட்டினாள். நானும் ஒரு காலத்தில் கல்லூரியில் கவிதை படித்தவள். என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"கொஞ்ச நாள்ல பேச்சும் இப்படி ஆயிரும் பெரியம்மை. அம்மாகிட்டப் பசிக்குன்னு சொல்லப்போனா போஸ்டர் வரி வரும். அதுக்கு முந்தி நான் வெளிய போயிரணும்."

"எங்கட்டி போவ?"

"எங்கயோ. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரே ஒரு தடவ வேற எங்கயாவது இருக்கணும். அந்த நேரம் அங்கன எப்படி இருக்கும்னு பார்க்கணும். இந்த ஆடிக்குப் பெறகு நம்ம தெருவுல எவளாச்சும் அதைப் பார்த்திருக்காளா, சொல்லுங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். இந்த ஆடி மாதத்துக்கு முந்தியும் நான் பார்த்ததில்லை.

"அப்ப அந்தச் சொல்லைச் சொல்லப்போறியா?" என்று கேட்டேன். அதைக் கேட்கும்போதே எனக்கு வாய் கசந்தது.

"சொன்னா இசக்கித்துரை மாதிரி இல்லாமலே ஆயிருவேனோன்னு பயமா இருக்கு. எழுதறதுக்கு நான் இருக்கணும்லா."

உள்ளே சங்கரவடிவு சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். காது மந்தம் என்று சொல்லிக்கொள்வது தெருவில் பலருக்கும் வசதியாக இருந்தது, அவளுக்கும்தான். மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் போறவ வாயைத்தான பாக்குதாங்க" என்றாள். "அனுப்புதவ வாயை எவளாவது பார்த்தாளா?"

எனக்குப் புரியவில்லை. அவள் காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பய பைன்னு சொன்னான். அவன் அம்மை என்ன சொன்னா? போயிட்டு வான்னா. குற்றாலிங்கம் அண்ணாச்சி விடைபெறுகிறேன்னு நின்னாரு. அவரு பொண்டாட்டி பெறகால ஓடி என்ன சொன்னா? போயிட்டு வாங்கன்னா. கோமு மட்டுந்தான் ஒண்ணும் சொல்லல. கட்டிப்போடுதது அவங்க இல்ல, நாம. இமை தட்டுத மாதிரி சொல்லிருதோம், சொல்லுததே நமக்குத் தெரியல."

நான் அவள் நறுக்கிய காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருந்தது.

அடுத்த நாள் காலையில் மொழி செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றபோது சங்கரவடிவு நடைக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு, போ, என்று தொடங்கினாள். யிட்டு வா, தானாகக் கொட்டிவிட்டது. அதற்கடுத்த நாளும் கொட்டியது. வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள், தலைப்புக்குள்ளேயே கேட்டது. பாடம் பண்ணினால் வரும் என்று நினைத்தாள் போல. கொல்லையில் சுற்றிக்கொண்டிருந்த பூனையிடம் முகத்துக்கு நேரே நின்று போ என்று சொல்லிப் பழகினாள். பூனை அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனது, போனதுதான். அதற்குப் பிறகு தினமும் வாசலில் வந்து உட்கார்ந்து வழக்கடிக்கிற கீரைக்காரி பேச்சியிடம், "இன்னைக்கு வேண்டாம், போ" என்றாள். நல்லபடியாக வாயில் வந்துவிட்டதே என்று அவளே திகைத்துப் போனாள். பேச்சியை அதற்குப் பிறகு தெருவில் காணவில்லை.

"வடிவு மயினி, பூனைதான் போச்சு, கீரைக்காரியையுமா அனுப்பிட்டீங்க? இனி அரைக்கீரைக்கு எங்க போவோம்?" என்று எதிர்வீட்டுக்காரி சண்டை பிடித்தாள்.

"நீயும் இங்கன வந்து நில்லு, அனுப்புதேன்" என்றாள் சங்கரவடிவு. எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து லாரி டிரைவர், பகலில் கோவில்பட்டிச் சந்தையில், தெரிந்த முகம் என்பதால் கண் ஊன்றி, பேச்சியைப் பார்த்ததாக வந்து சொன்னான். நல்ல இடம் பிடித்துக் கடை போட்டிருக்கிறாள், முன்னைவிடச் சதை போட்டிருக்கிறாள். எங்க தெருப்பக்கம் ஏன் வர்றதில்ல என்று கேட்டிருக்கிறான். எந்தத் தெரு என்று கேட்டாளாம். செக்கடித் தெரு என்றானாம். நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, வழி மறந்து போச்சே ஐயா என்றாளாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து சங்கரவடிவு பழகுவதை நிறுத்தினாள். போகிறவள் இருப்பாள், ஆனால் வழி மறந்துவிடும். இரண்டில் எது பெரிது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து ஒன்றும் நறுக்காமல் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மொழி வேலைக்குப் போனாள், வந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு போதுமா என்றால் தலையாட்டினாள். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் தாயும் மகளும் அடுப்படியில் இருந்தார்கள், நான் உறைமோர் வாங்கப் போயிருந்தேன். மொழி பின்பக்கம் திரும்பி எதையோ எடுத்தவள் சூடான சட்டியில் கையை வைத்துவிட்டாள். அம்மா என்று கத்த வாயைத் திறந்தாள். வாயிலிருந்து, அச்சடித்த மாதிரி, நிறுத்தி நிறுத்தி, "அன்புத் தாயே, ஆருயிரே" என்று வந்தது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் முதல் வரி அது. உயிரோடு நின்றுகொண்டிருந்த தன் தாயைப் பார்த்துச் சொன்னாள். மொழி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கரவடிவு எண்ணெய் எடுத்துவந்து மகள் விரலில் தடவினாள். அவள் தடவிக்கொண்டே இருந்தாள், நான் மோர்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது. மொழி தோளில் ஒரு துணிப்பையோடு படி இறங்கினாள். தெரு அந்த நேரத்தில் குழாயடியில் இருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். மொழி திரும்பி, மெதுவாக, அவளுக்கு இன்னும் சொந்தமாக இருந்த சில சொற்களில் ஒன்றை எடுப்பது போல, "அம்மா" என்றாள்.

"உனக்குன்னு நாலு வரி எழுதித் தந்துட்டுப் போட்டுமா?" என்று பிறகு கேட்டாள். "நாளைப்பின்ன நான் இல்லாட்டி..."

"ஒண்ணும் வேண்டாம். எழுதிட்டா நான் முடிஞ்சு போனேன்னு ஆயிரும். நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்" என்றாள் சங்கரவடிவு. மகளின் தலையில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். நிலையைப் பிடிக்கவில்லை, தலைப்பை வாயில் வைக்கவில்லை.

"போ" என்றாள்.

குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும், எதிர்வீட்டுக்காரி, கோமு, அண்ணாச்சி, நான், அதற்குப் பின்னால் வரவேண்டியது வந்துவிடும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாய் மூடியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சொல் உள்ளே முட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் அதை விழுங்கினாள். மொழி மேல்கோடி வரைக்கும் நடந்தாள், திருப்பத்தில் நின்றாள், திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெரு முழுக்கக் கீழ்க்கோடியில் போய் நின்றது. உலகு வந்தாள், டிரைவர் வந்தான், காலேஜ் பையன் வந்தான். எல்லாரும் வந்து முடிந்தும் நின்றோம். சங்கரவடிவு மட்டும் அங்கே வரவில்லை. அவள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு ஒருத்திக்கு மட்டும் அரிசி களைந்தாள்.

அதற்குப் பிறகு தெருவில் போ என்ற சொல்லுக்கே ஒரு பயம் வந்துவிட்டது. காக்கையைக்கூட யாரும் விரட்டவில்லை. பிள்ளைகளைத் திட்டும்போது அங்கிட்டு இரு என்றார்கள். காக்கைகள் அடுப்படி வரை வந்து வடையைத் தின்றன.

தை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் சங்கரவடிவு போன் அடித்தது. அவளுக்கு அதைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் பேசுவாள், அதனால் நானும் கேட்டேன்.

"அம்மா, நான் இருக்கேன்" என்றாள் மொழி.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வழி மறந்து போச்சும்மா. தெருப் பேரும் மறந்து போச்சு. உன் நம்பர் மட்டும் கை நினைச்சு வெச்சிருக்கு." பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. "இங்கன உப்பளம். இப்ப விளக்கு வைக்கிற நேரம். நான் சொல்லுதேன், கேளு. வெளிச்சம் உப்பு மேல கிடக்கும்மா. கிடந்து கிடந்து போகுது. போறேன்னும் சொல்லல, போயிட்டு வாரேன்னும் சொல்லல. சும்மா போகுது."

சங்கரவடிவு போனைப் பார்த்தாள். "இது யாருக்கு எழுதினது?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லம்மா. பார்த்தேன்."

"மாறாம இருக்கா?"

"நேத்து எழுதினது. மாறல." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வெச்சிரட்டுமா?"

போனை வைப்பதற்கு நல்லவேளையாக எங்கள் மொழியில் போவதும் வருவதும் இல்லாத ஒரு சொல் இருக்கிறது. "வெச்சிரு" என்றாள் சங்கரவடிவு. போன் அணைந்த பிறகும் இன்னொரு தடவை சொன்னாள், பத்திரமாக வைத்துக்கொள் என்று ஒரு பொருளைக் கொடுப்பது போல. "வெச்சிரு."

நான் தலையைத் திருப்பியபோது எங்கள் வாசலில் உலகு நின்றிருந்தாள். அப்போதுதான் கீழ்க்கோடியிலிருந்து வந்திருக்கிறாள், பெட்டி கையில் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகம் கழுவப் போனாள். அன்றைக்குத் தோசை கேட்கவில்லை.

இப்போது தினமும் காலையில் நடக்கிறது இது. உலகு பெட்டியை எடுத்துக்கொண்டு நடையில் வந்து நிற்கிறாள். போயிட்டு வாரேன் என்று அவள் சொல்வதை நிறுத்தி நாளாகிவிட்டது. அவள் என் வாயைப் பார்க்கிறாள். அவள் தலையில் நேற்று வைத்த பூ வாடாமல் இருக்கிறது, முந்தாநாள் வைத்ததும்தான், எடுத்துப் போட மனசில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. வாடாத பூவின் பாரத்தில் கழுத்து லேசாகச் சாய்ந்திருக்கிறது. அடுத்த வீட்டு நடையில் சங்கரவடிவு அரிசி புடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காத மாதிரி இருக்கிறாள்.

போ, போயிட்டு வா, இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். உதடுகள் சேர்ந்து, பிரிந்து, குவிந்து, அதே எழுத்துதான் முதலில் வருகிறது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது எல்லாம். நான் என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவள் நிமிர்கிறாள், உதடுகளைச் சேர்க்கிறேன்.

"போ" என்கிறேன். தொண்டையில் மிச்சம் ஏறி வருகிறது.